பெட்ரோல் விலை ஏறினதால வண்டி ஓட்டுறதைக் குறைச்சவங்க இருக்கீங்களா?

மேடவாக்கத்தான்:
விலை ஏறினா ஜனங்க தானா வண்டியைக் குறைப்பாங்கன்னு எங்க மச்சான் அடிச்சுச் சொல்றாரு. நான் பழைய செலவு நோட்டைத் தூக்கிட்டு வந்தேன். 2020 ஜனவரி, சென்னையில லிட்டர் 78 ரூபா சொச்சம். அந்த மாசம் நான் போட்டது 1,250 ரூபா, அதாவது 16 லிட்டர். 2022 ஏப்ரல்ல விலை 110.85 வரைக்கும் போச்சு. அந்த மாசம் 1,600 ரூபா, பதினாலரை லிட்டர். இவ்வளவு ஏறியும் நான் குறைச்சது ஒன்றரை லிட்டர்!

அதுவும் கிண்டிக்கு வேலைக்குப் போறதுல குறையலை. செகண்ட் ஷிப்ட் முடிஞ்சு பத்தரைக்கு கேட்டைத் தாண்டி பஸ்ஸுக்கு நின்னா வீடு சேர பன்னெண்டாகும். விட்டது ஞாயித்துக்கிழமை கோவளமும், தெருமுனைக்குப் பால் வாங்க வண்டி எடுக்கறதும்தான்.

இன்னொண்ணு. பங்க்ல நான் லிட்டர் கணக்குச் சொன்னதே இல்ல, "இருநூறுக்குப் போடுங்க"தான். போர்டுல என்ன விலைன்னு யாரு பார்த்தா? அஞ்சு நாள் ஓடினது மூணரை நாள்ல ரிசர்வுக்கு வந்தப்பதான் உறைச்சது. உங்க கதை என்ன?

ஜவுளிக்கடை அக்கா:
நான் ஸ்கூட்டியை விட்டேன் தம்பி, ஆனா விலைக்காக இல்ல. 2021 மே மாசம் சாதா டவுன் பஸ்ல பெண்களுக்கு இலவசம்னு ஆச்சு. ஊரடங்கு முடிஞ்சு கடை திறந்ததுலேர்ந்து பஸ்தான். சில நாள் டீலக்ஸா வரிசை கட்டி வரும், இலவசமா போற வெள்ளை போர்டு பஸ்ஸுக்கு அரை மணி நிப்பேன். எங்க வீட்டுக்காரரும் தி.நகர்லதான் வேலை பார்க்கிறாரு. அதே பெட்ரோல், அதே விலை. அவரு இன்னும் பைக்லதான் போறாரு.

குட்டியானை:
எனக்கு லோடு வண்டி ஓடினாதான் சோறு, எங்க குறைக்கறது? டீசல் ஏறினப்ப வாடகையை ஏத்தினேன். 2021 நவம்பர்ல மத்திய அரசு டீசல் வரியில 10 ரூபா குறைச்சப்ப வாடகையை இறக்கலை, மறைக்க மாட்டேன். மாறினது ஒண்ணுதான்: காலி வண்டியா திரும்பறதில்ல. ரிட்டர்ன் லோடு கிடைக்கிற வரைக்கும் செங்குன்றத்துல ஒரு தூக்கம் போட்டுடுவேன்.

யாழ் பொடியன்:
அண்ணே, எங்களிட்டக் கேளுங்கோ. இலங்கைக் காசில, 2021 கடைசியில 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா, 2022 யூனில 470. அந்த விலையிலயும் பெற்றோல் செட்டில வரிசை குறையேல்ல. மோட்டச்சைக்கிளை வரிசையில விட்டிட்டு, இரவிரவா நானும் தம்பியும் ஆள் மாறி ஆள் நிண்டனாங்கள். பிறகு கியூஆர் கோட் காட்டி அளவாத்தான் பெற்றோல் அடிக்கலாம், கிழமைக்கு 4 லீற்றர்தான் எண்ட பிறகுதான் அப்பான்ர பழைய சைக்கிளுக்குப் புது ரியூப் போட்டன். 2023 செப்டம்பரில கியூஆரை நிப்பாட்டினாங்கள். அடுத்த கிழமையே சைக்கிள் திரும்பக் கொட்டிலுக்குள்ள.

மேடவாக்கத்தான்:
அக்கா, பத்தரைக்கு எங்க கேட்டு வாசல்ல ஒரு பஸ் வந்தா நான் டிக்கெட் எடுத்தே ஏறுறேன். எல்லாத்தையும் மச்சானுக்கு அனுப்பினேன். "நீயும் ஒன்றரை லிட்டர் குறைச்சேல்ல?"ங்கிறாரு.