மாடுலர் பணிமேசை: ‘கூறுநிலை’யா, ‘மணை’யா?

அண்ணாச்சிக்கும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்காக எழுதிவரும் பணிமேசைக் கையேடு ஒரு சொல்லில் முட்டி நிற்கிறது: கருவிகளைக் கழற்றி மாற்றிக்கொள்ளும் ‘மாடுலர்’ (modular) மேசைக்குத் தமிழில் என்ன பெயர்? ஒரே மேசையில் பல கருவிகளை மாற்றி மாற்றிப் பூட்டுவதற்கு நான் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு, அமெரிக்காவில் தோட்டா மறுநிரப்புவோர் செய்துகொள்ளும் மேசை. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அந்த வேலையில் கை வைக்க முடியாது. எனக்கு வேண்டியது மேசை மட்டும்.

சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை வீசாமல், அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, தீப்பொறி தரும் கேப்பு, வெடிமருந்து, குண்டு மூன்றையும் புதிதாக வைப்பதே மறுநிரப்பு. நம் செய்தித்தாள்களில் ‘தோட்டா பாய்ந்தது’ என்று வருகிறது. தோட்டா என்பது கூடும் குண்டும் சேர்ந்த முழுப்பொருள். பாய்வது குண்டு, கூடு பாய்வதில்லை. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் மறுநிரப்பு என்ற சொல்லுக்கே வேலையில்லை.

நெம்புகோல் அழுத்தி, கூட்டின் வாயை அளவுக்குச் சீவும் கருவி, மருந்து அளவி என்று சாமான்கள் பல, அறையோ சிறியது. ஆகவே ஒவ்வொரு கருவியையும் ஒரே அளவுள்ள தனித்தனிப் பலகையில் முடுக்கிவிடுகிறார்கள். எல்லாப் பலகைக்கும் ஒரே இடத்தில் போல்ட் துளை. மேசையில் அந்த அளவுக்கு ஒரு பள்ளம். வேலை முடிந்தால் பலகையோடு தூக்கிச் சுவரில் மாட்டிவிட்டு அடுத்ததை இறக்கலாம். கூட்டை அளவுக்குக் கொண்டுவர அழுத்தியில் ஏறும் அச்சுகளுக்கும் பெரும்பாலும் ஒரே மரைதான்: 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. ஒருவர் செய்த அச்சு இன்னொருவரின் அழுத்தியில் ஏறிவிடும். தராசு மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. நெம்புகோலை இழுக்கும்போது மேசை அதிரும். மருந்தையோ கிரெயின் கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின், அதாவது ஒரு கிரெயின் 0.065 கிராம்கூட இல்லை. நகைப் பட்டறையில் பொன்னை நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்துகிறார்களே, அந்தப் பாடுதான்.

இனி சொல்லுக்கு வருகிறேன். ‘கூறுநிலைப் பணிமேசை’ பிழையில்லை. ஆனால் பட்டறையில் அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆசாரி அடுத்த வேலைக்குப் போய்விடுவார். ‘தொகுதி மேசை’ என்றால் வாக்குச்சாவடி நினைவுக்கு வருகிறது. ‘மட்டுமேசை’யைக் கேட்பவர் மட்டமான மேசை என்றே எடுத்துக்கொள்வார். அண்ணாச்சி சொன்ன ‘நிரைமேசை’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பழைய பலசரக்குக் கடைகளில் இரவில் காடியில் ஒவ்வொன்றாகச் செருகுவார்களே, அந்த நிரைப்பலகை கண்முன் வந்து நின்றது. பிறகுதான் பலகையின் முதுகில் எழுதியிருந்த எண்ணும் நினைவுக்கு வந்தது. மூன்றாம் பலகையை ஐந்தாம் இடத்தில் செருகினால் கடை பூட்டாது. நமக்கு வேண்டியதோ எந்தப் பலகையும் எந்தப் பள்ளத்திலும் உட்காரும் ஏற்பாடு. நிரைப்பலகை அதற்கு நேர் எதிர்.

என் முன்மொழிவு அடுக்களையிலிருந்து வருகிறது. ஆச்சி அரிவாள்மணையில் காய் நறுக்குவதைப் பாருங்கள். அலகு ஒரு பலகையில் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பலகைக்குத் தனியாக நிற்கும் திறமில்லை. ஆச்சி ஒரு காலை மடித்து அதன்மேல் வைத்ததும் அசையாமல் நிற்கிறது. வேலை முடிந்தால் சுவரில் சாய்த்துவிடுவாள். கருவியைத் தாங்கும் பலகை, வேண்டிய இடத்தில் போடலாம், அழுத்தம் வேறிடத்திலிருந்து வருகிறது: நாம் தேடும் உறுப்பு இதுவே. பலகைக்கு ‘மணை’, பள்ளத்துக்கு ‘மணைக்குழி’, மேசைக்கு ‘மாற்றுமணை மேசை’ என்று வைத்துக்கொள்ளலாமா?

பாளையங்கோட்டையிலிருந்து

*

தம்பி,

நிரையை விட்டுக்கொடுக்கிறேன். எண்ணை நான் மறந்துவிட்டேன். ஆனால் மணையிலும் எனக்கு இரண்டு தடை உண்டு.

முதலாவது, பாதிப் பேர் அதை ‘அரிவாள்மனை’ என்றே எழுதுகிறார்கள். நாலுவழிச் சாலை நெடுக ‘மனை விற்பனைக்கு’ என்று பலகை நிற்கும் காலத்தில் ‘மனைமேசை’ என்று அச்சாகிவிட்டால், பத்திரம் எழுதும் மேசை என்று நினைப்பார்கள்.

இரண்டாவது, ‘மாற்றுமணை’. நீங்கள் ‘மாற்றும் மணை’ என்று வினைத்தொகையாக எண்ணுகிறீர்கள். மாற்று மருத்துவம், மாற்றுப் பாதை என்று பழகிய கண்ணுக்கு அது ‘பதிலி மணை’ என்றே படும். பின்னால் வல்லினம் வந்தாலாவது ஒற்று மிகுந்ததா என்று பார்த்துப் பொருள் பிரிக்கலாம். மகரத்தில் அதற்கும் வழியில்லை. ‘மணைமாற்று’ என்று திருப்பிப் போட்டால் கல்யாண வீட்டில் மாலை மாற்றுவதுபோல் இருக்கிறது.

அம்பாசமுத்திரத்திலிருந்து

*

அண்ணாச்சி,

முதல் தடைக்கு அகராதி துணை நிற்கிறது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் மணை தனிச்சொல். மரப்பலகை, பீடம் என்பவை அதன் பொருள். மணமக்களை உட்கார வைப்பதும் அந்த மணையில்தான். அச்சுப்பிழைக்குப் பயந்தால் நாம் ‘பள்ளி’யைக்கூட எழுத முடியாது, ளகரம் லகரமாகிவிட்டால் பல்லி.

இரண்டாவது தடை சரியான இடத்தில் அடிக்கிறது. ‘மாற்று’ தேவையே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. தரையோடு ஆணி அடித்து எந்த வீட்டிலும் அரிவாள்மணை வைப்பதில்லை. எடுத்துப் போடுவது என்ற பொருள் மணைக்குள்ளேயே இருக்கிறது. எனவே ‘மணைமேசை’, அவ்வளவுதான்.

நேற்று வரைபடத்தை ஆசாரியிடம் காட்டினேன். இரண்டு 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை ஒட்டி மணை, பூவரசில் சட்டம். சொல்லை நான் விளக்கவில்லை. அவர் மணைக்குழியின் ஓரத்தில் விரலை வைத்து, மணை வீங்கினால் மழைக்காலத்தில் வெளியே வராது, சுற்றிலும் ஒரு நூல் இடைவெளி விடவேண்டும் என்றார். நெம்புகோலை அழுத்தும்போது மேசையின் பின்கால் தூக்கும் என்பதையும் அவரே கண்டுபிடித்து, பின்சட்டத்தைச் சுவரோடு போல்ட் போடச் சொன்னார்.

மீதி இருப்பது ஒன்று. மணையைக் குழிக்குள் இறுக்கும் அந்தச் சிறு திருகுபிடிக்கு அவர் ‘கொண்டி’ என்கிறார். கொண்டி என்றால் கதவில் மாட்டுவதல்லவா, திருகுவதற்குப் பொருந்துமா?

பாளையங்கோட்டையிலிருந்து