வைரஸ் இல்லாத ‘வைரஸ்’ கேஸ்கள்: சர்வீஸ் கடையில் பார்த்தவை

மதுரையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். “வைரஸ் ஏறிடுச்சு” என்று வருகிற லேப்டாப்களில் பலவற்றில் வைரஸே இருக்காது. கோளாறு பிரவுசருக்குள்தான் இருக்கும்.

அடிக்கடி வருவது நோட்டிஃபிகேஷன் தொல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் திரை ஓரத்தில் “உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது” என்று விடாமல் வந்துகொண்டிருந்தது. “தம்பி, காசு கட்டுனா சரியாயிடும்னு வருதே, கட்டிடவா?” என்றார். “கட்டாதீங்க சார்” என்று சொல்லிவிட்டு, குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் அனுமதி பெற்ற தளங்களைத் திறந்தேன். பெயர் தெரியாத தளம் ஒன்று இருந்தது. ஏதோ சீரியல் பார்க்கப் போன இடத்தில், “நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோ அழுத்துங்கள்” என்று கேட்டிருக்கிறது, அழுத்தியிருக்கிறார். அந்த அனுமதி கிடைத்துவிட்டால், தளத்தை மூடிய பிறகும் அறிவிப்பு வரும். அதை நீக்கியதும் எல்லாம் நின்றது. ரோபோ சோதனைக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி தேவையே இல்லை என்பதை வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா பதறிப்போய் போன் செய்தார். திரை முழுக்க எச்சரிக்கை, சைரன் சத்தம், மைக்ரோசாஃப்ட் பெயரில் ஒரு போன் நம்பர். அந்த நம்பருக்குக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டாரே, அதுவே பெரிய விஷயம். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது. எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன், முழுத்திரை விலகியது, டேபை மூடினார். அதற்கும் அசையாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்தலாம். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்டெடுக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

என்னை ரொம்பவும் வருத்தியது ஒரு இளைஞரின் கதை. கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லி எஸ்எம்எஸ், அதில் லிங்க், வங்கிப் பக்கம் போலவே ஒரு பக்கம். ஓடிபி வரை கொடுத்துவிட்டார். “பூட்டு போட்டிருந்துச்சேண்ணே” என்றார், முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படத்தைத்தான் சொன்னார். பூட்டு சொல்வது ஒன்றுதான்: நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. எதிர்முனையில் இருப்பது வங்கியா திருடனா என்று அது சொல்லாது. பூட்டு காட்டத் தேவையான டிஜிட்டல் சான்றிதழ் இலவசமாகவே கிடைப்பதால் மோசடித் தளங்களிலும் பூட்டு இருக்கும். இந்தக் குழப்பத்தால்தான் 2023-ல் குரோம் அந்தப் பூட்டுப் படத்தையே முகவரிப் பட்டையிலிருந்து எடுத்தது.

முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோடு வரை பாருங்கள்; அதற்கு ஒட்டி முன்னால் இருக்கும் கடைசிப் பகுதிதான் உண்மையான உரிமையாளரைக் காட்டும். அந்த இளைஞர் போன பக்கத்தில் வங்கியின் பெயர் முதலில் இருந்தது, கடைசியில் வேறு ஏதோ பெயரும் டாட் காமும். ரிசர்வ் வங்கி நம் வங்கிகளை ‘டாட் பேங்க் டாட் இன்’ முகவரிக்கு மாறச் சொல்லி, அக்டோபர் 31, 2025 வரை கெடு வைத்தது. முகவரியின் அந்தக் கடைசிப் பகுதி வங்கிகளுக்கு மட்டுமே கிடைப்பதால் கண்டுபிடிப்பது சுலபமாகிறது.

அந்த இளைஞர் இன்னொன்றும் சொன்னார். வழக்கமாகத் தானே நிரம்பும் பாஸ்வேர்ட் அன்று நிரம்பவில்லையாம். போன் மக்கர் செய்கிறது என்று கையால் அடித்திருக்கிறார். முகவரி மாறியதைப் பிரவுசர் கவனித்துவிட்டது. அதனால்தான் பாஸ்வேர்டை நிரப்பவில்லை! உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்ததால் பணத்தில் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்த முடிந்தது.

பிரவுசரில் நாம் கூடுதலாகப் போடும் குட்டி நிரல்களான எக்ஸ்டென்ஷன்களையும் பாருங்கள். ஒரு டிடிபி கடையில் எதைத் தேடினாலும் வேறு தேடுபொறிக்குப் போனது. காரணம், எப்போதோ போட்ட ஒரு பிடிஎஃப் மாற்றி. நல்ல எக்ஸ்டென்ஷனும் கைமாறிக் கெடலாம். ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்ற குரோம் எக்ஸ்டென்ஷன் பல லட்சம் பேர் நம்பிப் பயன்படுத்தியது. 2020-ல் வேறு கைக்குப் போனது, 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருப்பதாகக் கூகுள் அதை நீக்கியது. பயன்படுத்தாத எதையும் நான் விட்டுவைப்பதில்லை.

என் அப்பா, அம்மா போனில் தளங்கள் நோட்டிஃபிகேஷன் கேட்பதையே மொத்தமாக நிறுத்திவைத்திருக்கிறேன். ஐபோனில் இதே தொல்லை காலண்டர் அழைப்பிதழ்களாக வரும். அதில் மாட்டியவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து அது வந்தது என்று எழுதினால், எங்கள் கடைக்கு வருகிறவர்களுக்கும் சொல்வேன்.