கோட்டையூர் வீட்டுச் சொந்தங்கள்

சொர்ணம் அக்கா, காலை 6:52
கார்த்தி, நேற்றுக் காதுகுத்துக்குத் தாய்மாமன் நீ வரவில்லை. சித்தப்பா மகன் மடியில் பிள்ளையை உட்காரவைத்தோம். ஆசாரி கேட்டார், “மாமன் எங்கே” என்று. என்ன சொல்ல?

கார்த்தி, 6:58
அக்கா, மில் ஓடியது. போன ஞாயிறும் இதே. நேற்றோடு 14 நாள் தொடர்ச்சி. நெல் லோடு நிற்கிறதாம்.

வள்ளி அயித்தை, 7:01
காதுக்குள்ளே தவிடு போகிற வேலை. ஒரு நாளாவது குளித்துப் படுக்க வேண்டாமா அப்பு.

லட்சுமணன் மாமா (ஓசூர்), 7:15
போன ஞாயிறுக்கு என்ன கொடுத்தார்கள்?

கார்த்தி, 7:17
600. மற்ற நாள் கூலிதான் மாமா. கேட்டதற்கு, “பரோட்டா வாங்கிக் கொடுத்தோமே” என்றார் சூபர்வைசர்.

லட்சுமணன் மாமா, 7:26
திங்கள் முதல் சனி வரை 8 மணி வீதம் 48 முடிந்துவிட்டது. அதற்கு மேல் பார்த்தது ஓவர்டைம், இரட்டிப்புக் கூலி. மணிக்கு 75 என்றால் 150. எட்டு மணிக்கு 1,200 வர வேண்டும். பரோட்டா கணக்கில் சேராது.

பாண்டி சித்தப்பா, 7:30
சரி, 600 கூடக் கொடுத்தால் தீர்ந்தது.

லட்சுமணன் மாமா, 7:38
தீராது சித்தப்பா. காசு வேறு, லீவு வேறு. வார லீவு விதியிலிருந்து விலக்கு வாங்கி மில்லை ஓட்டினாலும், பறிபோன ஓய்வு நாளுக்கு ஈடாக ஒரு நாள் அதே மாதத்திலோ அடுத்த இரண்டு மாதத்துக்குள்ளோ கொடுக்க வேண்டும். பழைய 1948 ஃபாக்டரி சட்டத்திலும் அதுதான், 2025 நவம்பரில் அமலான புதுத் தொழிலாளர் சட்டத்திலும் அதுதான். ஜூன் ஞாயிறு என்றால் ஆகஸ்ட் கடைசிக்குள். நான் ஃபாக்டரியில் வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸில் இருந்தபோது ஞாயிறு ஓட்டுவதாக இருந்தால் மாற்று நாளை முன்கூட்டியே போர்டில் ஒட்டுவோம். அந்த ஞாயிறுக்கு முன்னோ பின்னோ மூன்று நாளுக்குள் அந்த லீவு. தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் ஒருவரையும் நிற்கவிட மாட்டோம்.

கார்த்தி, 7:44
மே மாதம் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தேனே, அதில் கழித்தாயிற்று என்கிறார்கள்.

லட்சுமணன் மாமா, 7:46
அந்த இரண்டு நாளைக்குக் கூலி தந்தார்களா?

கார்த்தி, 7:46
இல்லை.

லட்சுமணன் மாமா, 7:47
கூலியையும் வெட்டி, அதையே ஓய்வாகவும் காட்டுகிறார்கள். நல்ல கணக்கப்பிள்ளை!

பாண்டி சித்தப்பா, 7:52
ரொம்பப் பேசினால் வடக்கத்திப் பையன்களை வைத்துக்கொள்வார்கள்.

லட்சுமணன் மாமா, 7:55
அவர்களுக்கும் இதே சட்டம்தான். சண்டை போடச் சொல்லவில்லை. “இந்த இரண்டு ஞாயிறுக்கு எந்த நாள் லீவு” என்று மட்டும் கேள். தேதியைக் காலண்டரில் குறித்து வை.

கார்த்தி, இரவு 8:40
கேட்டேன். வியாழன் ஒரு நாள் எடுத்துக்கொள், இன்னொன்று ஜூலையில் என்றார். பணத்துக்கு முதலாளி வரட்டுமாம்.

லட்சுமணன் மாமா, 8:43
எழுதிக் கொடுத்தாரா?

கார்த்தி, 8:44
வாயால்தான்.

சொர்ணம் அக்கா, 8:49
வியாழன் வந்துவிடு. பிள்ளை காதில் மஞ்சள் இன்னும் காயவில்லை. புதன் ராத்திரியே கவுனி அரிசி ஊறப்போடுகிறேன்.