பிரிட்டனுக்குப் போகிற, போய்ச் சேர்ந்த வடசென்னைக்காரர்களுக்கு: காசைப் பிரித்துக் கேளுங்கள்

"ஏஜென்ட் பதினைந்து லட்சம் கேட்கிறார், கொடுக்கலாமா?" காசிமேட்டிலிருந்து மாதவரம் வரைக்கும் எனக்கு வருவது இந்த ஒரே கேள்விதான், தொகை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். என் பதில் மாறாது. மொத்தத் தொகையை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. பிரிட்டன் அரசாங்கத்துக்கு எவ்வளவு, வேலை கொடுக்கிற கம்பெனி பேரில் எவ்வளவு, ஏஜென்டுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

அரசாங்கத்துக்குப் போகிற காசில் ரகசியம் எதுவும் கிடையாது. அவர்களுடைய தளத்திலேயே போட்டிருக்கிறது. 2025 ஏப்ரலில் ஏற்றிய கணக்குப்படி, இங்கிருந்து விண்ணப்பித்தால் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு, அதாவது அங்குள்ள கம்பெனி வேலைக்கு எடுத்துப் போகிற விசாவுக்கு, மூன்று வருடம் வரை 769 பவுண்டு, அதற்கு மேல் 1,519 பவுண்டு. ஏப்ரல் வந்தால் ஏற்றுவது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது, அதனால் கட்டுகிற அன்று ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆளைச் சாய்ப்பது இந்த விசா கட்டணம் இல்லை, ஹெல்த் சர்சார்ஜ், அதாவது அங்குள்ள அரசு ஆஸ்பத்திரிக்கான முன்பணம். பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 776. மாதாமாதம் கட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். எத்தனை வருட விசாவோ அத்தனை வருடத்துக்கும் சேர்த்து விண்ணப்பம் போடும்போதே கட்ட வேண்டும். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், மூன்று வருடம் என்றால் சர்சார்ஜ் மட்டும் 10,866 பவுண்டு. பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தாலும் பன்னிரண்டரை லட்சம். சேட்டுக் கடைக்கு நகை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் இதைக் கணக்குப் போடுங்கள். முதலில் ஒருவர் போய்விட்டுக் குடும்பத்தை அப்புறம் அழைத்துக்கொள்வதில் ஒரு வெட்கமும் இல்லை. விசா மறுக்கப்பட்டால் சர்சார்ஜ் திரும்பி வந்துவிடும், விசா கட்டணம் வராது.

இந்த சர்சார்ஜ் 624 பவுண்டாகத்தான் இருந்தது. 2023 ஜூலையில் அங்கே டாக்டர், டீச்சர், போலீஸ் சம்பள உயர்வுக்குப் பணம் தேட வேண்டியிருந்தது, அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் விசா கட்டணத்தையும் இதையும் ஏற்றப்போவதாக அறிவித்தார். 2024 பிப்ரவரியில் 1,035 ஆனது. அங்கே போய் வேலை பார்த்து வரியும் கட்டுகிறவன், ஆஸ்பத்திரிக்கென்று தனியாக முன்பணமும் கட்டுகிறான். எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது, ஆனாலும் சட்டப்படியான கட்டணம், கட்டித்தான் ஆக வேண்டும்.

சரி, இப்போது கட்டக்கூடாத காசுக்கு வருவோம்.

தண்டையார்பேட்டையில் ஒரு தங்கச்சி, நர்ஸ், ஏஜென்ட் கொடுத்ததாக ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினாள். லெட்டர்பேட் எல்லாம் பளபளவென்று இருக்கிறது, கீழே சீல்கூட இருக்கிறது. நான்கே வரி. விசா பீஸ் 1,75,000. ஹெல்த் சர்சார்ஜ் 3,57,000. சிஓஎஸ் 6,50,000. டாக்குமென்டேஷன் 1,20,000. மொத்தம் 13,02,000 ரூபாய், பாதி முன்பணம். பிரித்து எழுதிய தாள்தானே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். பிரித்து எழுதியதால்தான் மாட்டினார். நர்ஸுக்குப் போடுவது ஹெல்த் அண்ட் கேர் விசா. 2025 ஏப்ரல் கணக்கில் மூன்று வருடம் வரை அதற்கு 304 பவுண்டுதான், 35,000 ரூபாய்க்குள் வந்துவிடும். அந்த விசாவுக்கு ஹெல்த் சர்சார்ஜே கிடையாது, பூஜ்யம். கூடப் போகிற குடும்பத்துக்கும் கிடையாது. இல்லாத கட்டணத்துக்கு மூன்றரை லட்சம் போட்டிருக்கிறார் மனிதர்.

மூன்றாவது வரிதான் பெரிய கொள்ளை. சிஓஎஸ் என்பது உங்களை வேலைக்கு எடுக்கிற கம்பெனி பிரிட்டன் உள்துறைக்குக் கட்டி வாங்குகிற ஒரு எண். 2025 ஏப்ரல் கணக்கில் கம்பெனிக்கு ஆகிற செலவு 525 பவுண்டு. அதுபோக ஸ்கில்ஸ் சார்ஜ் என்று ஒன்று கம்பெனி கட்டும், பெரிய கம்பெனி என்றால் வருடத்துக்கு 1,320 பவுண்டு. ஸ்கில்ஸ் சார்ஜை வேலைக்கு வருகிறவர் தலையில் கட்டக்கூடாது என்பது முதலிலிருந்தே உள்ள விதி. 2024 டிசம்பர் 31-லிருந்து சிஓஎஸ் கட்டணத்தையும் ஸ்கில்டு ஒர்க்கரிடம் வாங்கக்கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். மீறினால் கம்பெனியின் ஸ்பான்சர் லைசென்ஸ், அதாவது வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்கிற அனுமதி, போகலாம். ஆக, சிஓஎஸ்ஸை விலைக்கு வாங்குகிறவர் எந்த நிமிடமும் லைசென்ஸ் பறிபோகக்கூடிய கம்பெனியைத்தான் காசு கொடுத்துத் தேடிப் பிடிக்கிறார்.

நர்ஸ் வேலைக்கு உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி ஆங்கிலத் தேர்வு, அங்குள்ள நர்ஸ் கவுன்சிலான என்எம்சியில் பதிவு, கணினித் தேர்வு 83 பவுண்டு, அங்கே போய்ச் செய்து காட்டுகிற ஆஸ்கி செய்முறைத் தேர்வு 794 பவுண்டு. பிரிட்டன் அரசு ஆஸ்பத்திரிகள் இதில் பலவற்றை அவர்களே ஏற்பது வழக்கம், ஆஃபர் லெட்டரில் அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள். வேலை தேடிக் கொடுத்ததற்கு ஆளிடமே காசு வாங்குவது பிரிட்டன் சட்டத்தில் குற்றம். நம் நாட்டில் 1983 எமிக்ரேஷன் சட்டப்படி, பதிவு செய்த ஏஜென்ட் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாய், மேலே ஜிஎஸ்டி. மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு எண்ணைத் தட்டினால் ஆள் நிஜமா, லைசென்ஸ் காலாவதியா என்று தெரிந்துவிடும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற தமிழ்நாடு அரசின் ஓஎம்சிஎல் நிறுவனம் கிண்டியில் இருக்கிறது, அவர்கள் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிற அறிவிப்பு போடுவார்கள். மின்ட் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிண்டி தூரம்தான், பதிமூன்று லட்சத்தோடு ஒப்பிட்டால் தூரமே இல்லை.

கேர் ஹோம் (முதியோர் பராமரிப்பு இல்லம்) வேலை என்று யாராவது இன்னும் ஆள் பிடித்தால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து கேர் ஒர்க்கர் எடுப்பதை 2025 ஜூலை 22 அன்று மூடிவிட்டார்கள். அதற்கும் முன்னால், 2024 மார்ச் 11 முதலே அவர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. மற்ற வேலைகளுக்கு ஸ்கில்டு ஒர்க்கருக்கு வருடத்துக்குக் குறைந்தபட்சச் சம்பள வரம்பு 26,200 பவுண்டாக இருந்தது, 2024 ஏப்ரலில் 38,700, 2025 ஜூலையில் 41,700. சில வேலைகளுக்கும் வயது குறைந்தவர்களுக்கும் தளர்வு உண்டு, நர்ஸுக்குத் தனிக் கணக்கு. ஹோட்டல் சூப்பர்வைசர், கடை மேனேஜர் என்றெல்லாம் சொல்லி ஆஃபர் காட்டினால், அந்த வேலை இப்போது ஸ்கில்டு ஒர்க்கர் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இனி அங்கே போய்ச் சேர்ந்தவர்களுக்கு. பிளாஸ்டிக் கார்டு காலம் போய்விட்டது, எல்லாம் இ-விசா. யூகேவிஐ (பிரிட்டன் விசாத் துறை) கணக்கின் ஈமெயிலும் போன் நம்பரும் உங்களுடையதாக இருக்க வேண்டும், ஏஜென்டுடையதாக இருக்கக்கூடாது. வீடு வாடகைக்கு எடுக்க, வேலையில் காட்ட, உங்கள் விசா நிலையை அவர்கள் பார்ப்பதற்கான ஷேர் கோடு என்கிற எண் அந்தக் கணக்கிலிருந்துதான் வரும். சம்பளம், வரிக் கணக்குக்கான நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பர் இலவசம், வாங்கித் தருகிறேன் என்று ஐம்பது பவுண்டு கேட்கிற ஆள் நம் ஊர்க்காரனாகவே இருந்தாலும் கொடுக்காதீர்கள். போன உடனே ஜிபியிடம் (அங்குள்ள குடும்ப டாக்டர்) பதிந்துவிடுங்கள், காய்ச்சல் வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணம் வேறு. எர்ணாவூர்ப் பையன் ஒருவன் லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து ராத்திரி போன் செய்தான். கம்பெனி லைசென்ஸ் போய்விட்டது, உள்துறையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. "அண்ணே, அசைலம் போட்டா இங்கயே இருந்துக்கலாமாம். ரெண்டாயிரம் பவுண்டு குடுத்தா கதைய அவங்களே எழுதிக் குடுப்பாங்களாம்" என்கிறான். அசைலம் என்றால் அகதியாக அடைக்கலம் கேட்பது. இந்தப் பேச்சு அறைக்கு அறை ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் முழுவதுமாகச் சொல்கிறேன்.

இந்தியாவை 2024-ல் பாதுகாப்பான நாடுகள் பட்டியலில் பிரிட்டன் சேர்த்துவிட்டது, ஜார்ஜியாவோடு சேர்த்து. இந்தியப் பாஸ்போர்ட்டில் அசைலம் கேட்டால், விதிவிலக்கான சூழ்நிலை இருந்தாலொழிய, கோரிக்கையை எடுத்துப் பார்க்கவே மாட்டோம் என்று சொல்வதற்கான பிரிவை 2023 சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். போட்டவுடன் வேலை செய்யலாம் என்பதும் பொய். பன்னிரண்டு மாதம் முடிவு வராமல், அந்தத் தாமதத்துக்கு நீங்கள் காரணமாக இல்லாமல் இருந்தால்தான் வேலை அனுமதி கேட்கலாம், அதுவும் அவர்கள் பட்டியலில் இருக்கிற வேலைக்கு மட்டும். அதுவரைக்கும் உதவித்தொகை, தகுதி இருந்தால், வாரத்துக்கு ஆளுக்கு 50 பவுண்டுக்குள். ஊரில் சேட்டுக்கு வட்டி கட்ட வேண்டிய பையனுக்கு அது எந்த மூலைக்கு? தங்குமிடம் எந்த ஊர் என்று தேர்ந்தெடுக்கவும் முடியாது. இன்னொருவர் எழுதிய பொய்க் கதையில் கையெழுத்துப் போட்டது பிடிபட்டால், பின்னால் போடுகிற எந்த விசாவிலும் அது எதிரே வந்து நிற்கும். விசா விண்ணப்பத்தில் ஏமாற்றியவர்களுக்குப் பத்து வருடம் வரை தடை உண்டு. அகதி அந்தஸ்தே கிடைத்தவர்களுக்கும் இனிமேல் இரண்டரை வருடம்தான் ஒவ்வொரு தடவையும், நிரந்தர வசிப்புக்கு இருபது வருடம் என்று 2025 நவம்பரில் உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் அறிவித்திருக்கிறார்.

அந்தப் பையனுக்கு நான் சொன்னது இதுதான். கடிதத்தில் பெரும்பாலும் 60 நாள் கொடுத்திருப்பார்கள், கடைசித் தேதியைப் போனில் குறித்து வை. லைசென்ஸ் உள்ள கம்பெனிகளின் பட்டியலை உள்துறையே வெளியிடுகிறது, அதைப் பார்த்து விண்ணப்பம் போடு. நீ கேர் ஒர்க்கராக ஏற்கெனவே அங்கே இருப்பவன், அங்கே இருந்தபடியே வேறு கம்பெனிக்கு மாற 2028 ஜூலை வரைக்கும் வழி வைத்திருக்கிறார்கள். சம்பளப் பாக்கிக்கு, வேலைத் தகராறுகளுக்கு யோசனை சொல்கிற ஏகாஸ் அமைப்பை இலவசமாகக் கூப்பிட்டுக் கேட்கலாம். ஒன்றும் அமையவில்லை என்றால் தேதிக்குள் டிக்கெட் போட்டு வா. தேதி தாண்டி 30 நாளுக்கு மேல் தங்கினால், சொந்தக் காசில் திரும்பினாலும் ஒரு வருடத் தடை வந்துவிடும். ஒழுங்காகத் திரும்பியவனுக்கு மறுபடி விண்ணப்பிக்கத் தடை எதுவும் இல்லை. தெருவில் நாலு பேர் பேசுவார்கள், ஒரு மாதம் பேசிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

உண்மையிலேயே உயிருக்கு ஆபத்து உள்ளவர்களுக்கு நான் சொல்வது வேறு. சாதி மாறிக் கல்யாணம் செய்து துரத்தப்பட்டவர்களாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம், கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. புழல் காவாங்கரை இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவர்களின் கணக்கும் வேறு. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை, அவர்களில் பலர் கையில் இந்தியப் பாஸ்போர்ட்டும் கிடையாது, இந்தியர்களுக்கான விதியை வைத்து அவர்களுக்கு யோசனை சொல்லாதீர்கள். இப்படிப்பட்டவர்கள் சொலிசிட்டரிடமோ, இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் பதிந்த ஆலோசகரிடமோதான் போக வேண்டும். அசைலம் வழக்குக்கு, வருமானம் இல்லாதவர்களுக்கு அரசு செலவில் வக்கீல் கிடைப்பதும் உண்டு. பதிவில்லாமல் இமிக்ரேஷன் ஆலோசனை விற்பது அங்கே கிரிமினல் குற்றம், அந்த இரண்டாயிரம் பவுண்டுக்காரர் உட்பட.

ஒரு எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். படகில் வருகிறவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பப்போவதாக 2022 ஏப்ரலில் அறிவித்தார்கள். 2023 நவம்பரில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது, 2024-ல் தனிச் சட்டமே போட்டார்கள், ஜூலையில் புது அரசு வந்து கைவிட்டது. 70 கோடி பவுண்டு செலவு, போனது தானாகச் சம்மதித்த நான்கு பேர் என்று அப்போது புதிதாக வந்த உள்துறை அமைச்சர் இவெட் கூப்பரே சொன்னார். நம்மிடம் 304 பவுண்டுக்கும் 1,519 பவுண்டுக்கும் ரசீது கேட்கிறவர்கள் இவர்கள். 2025 மே வெள்ளை அறிக்கையில் நிரந்தர வசிப்புக்கு ஐந்து வருடத்தைப் பத்தாக்குவோம் என்றும் சொல்லிவிட்டார்கள், அதனால் "ஐந்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு, அப்புறம் பிஆர்" என்று ஏஜென்ட் சொல்வதை வைத்துக் கடன் வாங்காதீர்கள்.

பேங்கில் காட்டுகிற பணம் பற்றிக் கேட்டவர்களுக்கு: கம்பெனி பொறுப்பேற்காவிட்டால் 1,270 பவுண்டு உங்கள் கணக்கில் 28 நாள் தொடர்ந்து இருக்க வேண்டும், நடுவில் ஒருநாள் குறைந்தாலும் செல்லாது. டிபி எக்ஸ்ரே அவர்கள் அங்கீகரித்த இடத்தில்தான் எடுக்க வேண்டும், சான்றிதழ் ஆறு மாதம் செல்லும், அதனால் ஆஃபர் வருவதற்கு முன்பே ஓடிப்போய் எடுக்காதீர்கள்.

ஏஜென்ட் கொடுத்த தாளை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். பாஸ்போர்ட் எண்ணையும் பிறந்த தேதியையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.