எம்6 ரிவெட் நட் போட எந்தக் கைக்கருவி வாங்கலாம்?

கேள்வி:
1.2 மி.மீ. இரும்புத் தகட்டில் பேனல் பெட்டி செய்கிறேன். இந்தத் தகட்டில் டேப் போட்டு மரை வெட்டினால் நிற்காது, பின்பக்கம் கை நுழையாததால் சாதா நட்டும் வைக்க முடியாது. அதனால் முன்பக்கமிருந்தே ஓட்டையில் விட்டு, கருவியால் இழுத்துப் பின்பக்கம் புடைக்க வைத்து இறுக்கும் ரிவெட் நட்டை எம்4, எம்6 (4, 6 மி.மீ. போல்ட்டுக்கானவை) அளவுகளில் போடலாம் என்றிருக்கிறேன். ஒரு கையால் அழுத்தும் கருவி போதுமா, நீளக் கைப்பிடி உள்ளதுதான் வேண்டுமா?

பதில்:
எந்த உலோக நட் என்பதுதான் முக்கியம். அலுமினியம் என்றால் எம்6 வரை ஒரு கை கருவியே சமாளிக்கும். இரும்பு எம்6 கொஞ்சம் போட்டாலே மணிக்கட்டு கடுத்துவிடும், ஸ்டெயின்லெஸ் என்றால் யோசிக்கவே வேண்டாம், இரண்டு கைப்பிடி உள்ளதை வாங்குங்கள். அதிலும் இழுக்கும் தூரத்தை செட் செய்யும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்; குறைவாக இழுத்தால் நட் ஓட்டையில் சுற்றும், அதிகமாக இழுத்தால் மரை போய்விடும்.

கேட்டவர்:
இரும்பு நட்தான் அண்ணா. ஓட்டை எவ்வளவு போட வேண்டும்?

பதில்:
பொதுவாக எம்4-க்கு 6, எம்6-க்கு 9 மி.மீ., ஆனாலும் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைப் பார்த்துவிடுங்கள். மெல்லிய தகட்டில் சாதா ட்ரில் பிட் ஓட்டையை முக்கோணமாக்கிவிடும், படிப்படியாக விட்டம் கூடும் ஸ்டெப் ட்ரில் எடுங்கள், பிசிறையும் எடுத்துவிடுங்கள். உடம்பில் வரிவரியாக இருக்கும் நட் வாங்கினால் சுற்றாது.

இன்னொரு பதில்:
கருவியில் நட்டை மாட்டி இழுக்கும் மரைத்தண்டு தனியாகக் கிடைக்கிறதா என்று கடையில் முதலில் கேளுங்கள். தேய்வதும் உடைவதும் அதுதான். சாதாரண ஆலன் போல்ட்டையே தண்டாகப் போடக்கூடிய மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது, அதிக வலுவுள்ள 12.9 கிரேடு போல்ட் போடுங்கள்.