டிரையத்லான் நீச்சலில் முதல் 200 மீட்டரிலேயே திரும்பிவிடலாமா என்று நினைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

போன மாதம் என் முதல் ஸ்பிரிண்ட் டிரையத்லான். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம், மூன்றும் அடுத்தடுத்து. ஒலிம்பிக் தூரத்தில் பாதிதானே, நீச்சல் குளத்தில் 750 மீட்டரை நிற்காமல் நீந்துகிறவனுக்கு இதில் என்ன பயம் என்றுதான் போனேன்.

ஏரியில் இறங்கினதும் முதல் அடி அங்கேதான். குளத்தில் தரையில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும், 25 மீட்டருக்கு ஒரு சுவர் வரும், அதைக் காலால் உதைக்கும்போது கிடைக்கிற அந்த ஒரு நொடி ஓய்வை நான் ஓய்வு என்றே கணக்கில் வைத்ததில்லை. இங்கே கோடும் இல்லை, சுவரும் இல்லை, என் கையே எனக்குத் தெரியவில்லை. ஹாரன் அடித்த அரை நிமிடத்தில் யாரோ ஒருவருடைய குதிகால் என் நீச்சல் கண்ணாடியில் பட்டது, அதைச் சரிசெய்யத் தலையைத் தூக்கினால் ஒரு வாய் தண்ணீர் உள்ளே போனது, அவ்வளவுதான், மூச்சு கைவிட்டுப் போய்விட்டது. காற்று போதவில்லை என்று வாயைத் திறந்து திறந்து இழுக்கிறேன். அப்புறம்தான் புரிந்தது, பயத்தில் தண்ணீருக்குள் மூச்சை வெளியே விடவே இல்லை. உள்ளே இருப்பதை விடாமல் புதுக்காற்று எங்கே போகும்?

மல்லாந்து படுத்துக் கையை உயர்த்தினேன், பாதுகாப்புக்கு நின்ற கயாக் (சின்னத் துடுப்புப் படகு) பக்கத்தில் வந்தது. பிடித்துக்கொண்டு முன்னே நகராமல் இருந்தால் தகுதிநீக்கம் கிடையாது, ஓய்வெடுக்கலாம். இது எனக்கு முன்பே தெரிந்திருந்ததால் தப்பித்தேன், தெரியாதிருந்தால் மானத்துக்குப் பயந்து என்ன செய்திருப்பேனோ. ஒரு நிமிடம் கழித்து தலையை வெளியே வைத்து மார்பு நீச்சலில் கிளம்பினேன் (அதற்குத் தடையில்லை), வழிகாட்டும் மிதவை கண்ணில் பட்ட பிறகுதான் ஃப்ரீஸ்டைலுக்கு மாறினேன். வளைந்து வளைந்து போனதில் வாட்ச் 870 மீட்டர் காட்டியது, 120 மீட்டர் சும்மா சுற்றியிருக்கிறேன்!

கரையேறியதும் தலைசுற்றல். நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறுகிற ட்ரான்சிஷன் பகுதியில் வரிசை வரிசையாக ஒரே மாதிரி சைக்கிள்கள், என்னுடையது எத்தனையாவது வரிசை என்று காலையில் எண்ணி வைக்கவில்லை. ஒருவழியாகக் கண்டுபிடித்து எடுத்தேன், உடனே விசில். ஹெல்மெட் பட்டையைப் பூட்டாமல் சைக்கிளைத் தொடக்கூடாதாம். சைக்கிளைத் திரும்ப மாட்டிவைத்து, பட்டையைப் பூட்டி, மறுபடி எடுத்தேன். நாலு நிமிடம் அங்கேயே போச்சு.

சைக்கிளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, நன்றாகவே போனது. அதுதான் வினையும். நீச்சலில் விட்டதைப் பிடிக்கிறேன் என்று கனமான கியரிலேயே 42 நிமிடம் மிதித்தேன். ஓட இறங்கியபோது கால் என்னுடையதில்லை. முதல் ஒன்றரைக் கிலோமீட்டர் நான் ஓடினேன் என்று சொன்னால் பொய். மொத்தம் 1 மணி 40 நிமிடம். உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

*

கயாக்கைப் பிடித்ததற்கு வெட்கப்படவே வேண்டாம், நான் மூன்று போட்டியில் பிடித்திருக்கிறேன். இப்போதெல்லாம் கூட்டத்தின் ஓரமாக, கடைசி வரிசையில் நின்று, மற்றவர்கள் கிளம்பிப் பத்து எண்ணிய பிறகுதான் இறங்குகிறேன். போட்டி தொடங்குவதற்கு முன் முகத்தைத் தண்ணீரில் முக்கிக் குமிழி விட்டுக்கொண்டே இருப்பேன், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். என் மானம் போனது வேறு இடத்தில்: ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து அதோடு ஓட ஆரம்பித்து, தண்ணீர் கொடுத்த பையன் சொன்ன பிறகுதான் தலையைத் தொட்டுப் பார்த்தேன்.

*

ஓரமாக நில் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஓரத்தில் நின்றால் முதல் மிதவைக்குக் கூடுதல் தூரம். நடுவிலேயே, ஆனால் பின்னால் நிற்கலாம். முன்னே போகிறவரின் காலடியில் ஒட்டி நீந்தினால் உழைப்பு கொஞ்சம் மிச்சம், நீச்சலில் அதற்குத் தடையும் இல்லை. அதே புத்தியோடு சைக்கிளிலும் ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு போய் பெனால்டி வாங்கினேன். எங்கள் போட்டியில் 10 மீட்டர் இடைவெளி விட வேண்டும், நான் இரண்டு மீட்டரில் காற்று வாங்காமல் சுகமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

கால் மரத்துப்போனதற்கு: வாரம் ஒருநாள் சைக்கிளை விட்டு இறங்கின கையோடு பத்தே நிமிடம் ஓடிப் பாருங்கள். இந்தப் பயிற்சியைப் பிரிக் என்பார்கள். கடைசி ஒரு கிலோமீட்டரை லேசான கியரில் வேகமாக மிதித்துவிட்டு இறங்குங்கள்.

*

கேள்வி போட்டவன்தான். நேற்று பிரிக் செய்தேன், பத்து நிமிடம் என்றீர்களே, நாலாவது நிமிடத்திலேயே கால் திரும்பி வந்துவிட்டது. ஏரிக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறேன், கூட ஒரு ஆளோடு. குமிழி விடுவதை இன்று குளியலறை வாளியிலேயே தொடங்கியாச்சு.