"ரெண்டு வருஷம் முடிஞ்சா கதை முடிஞ்சது" என்று எழுதியவர் இங்கே வந்து பதில் சொல்லட்டும்

பாப்பா அப்பா:
நேற்று நம் மன்றத்தின் தெரபி பகுதியில் ஒரு அம்மா கேட்டிருந்தார். பையனுக்கு நாலு வயது, செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால் வரும் அசைவுக் குறைபாடு), இன்னும் கழுத்து நிற்கவில்லை. வலி வந்து பதினாறு மணி நேரம் காக்க வைத்தார்கள், பிறந்ததும் குழந்தை அழவில்லை, வழக்குப் போட யாரிடம் போவது என்று கேட்டார். 'கோர்ட் வாசல்' கொடுத்த பதில் ஒரே வரி: "ரெண்டு வருஷம் முடிஞ்சா கதை முடிஞ்சது, இனி அலைய வேண்டாம்." அந்த அம்மாவும் "சரிங்கண்ணா, நன்றி" என்று போட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

கதை முடியவில்லை ஐயா. 1963-ம் வருட லிமிடேஷன் சட்டம், பிரிவு 6. மைனர் என்றால் 18 வயது முடிந்த பிறகுதான் காலக்கெடு ஓட ஆரம்பிக்கும். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை, குழந்தை பெயரில் அம்மாவே இன்றைக்கு சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கலாம். பெற்ற தாயை ஒற்றை வரியில் திருப்பி அனுப்ப உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

கோர்ட் வாசல்:
22 வருடமாக வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கிறேன். யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை, அனுபவம் கொடுத்தது. ஆஸ்பத்திரி கேஸ் என்றால் ஜனங்கள் போவது நுகர்வோர் ஆணையத்துக்குத்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69: இரண்டு வருடம். நீங்கள் சொல்லும் பிரிவு 6 சிவில் வழக்குக்கு. சிவிலில் கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ். ஒரு கோடி கேட்டால் மூன்று லட்சம். பிசியோதெரபிக்கே கடன் வாங்குகிற குடும்பத்தை அங்கே அனுப்புகிறீர்களா?

பாப்பா அப்பா:
69-ன் முதல் உட்பிரிவோடு படிப்பதை நிறுத்திவிட்டீர்கள். இரண்டாவதையும் படியுங்கள். தக்க காரணம் காட்டினால் இரண்டு வருடத்துக்குப் பிறகும் புகாரை ஏற்கலாம். எங்கள் பாப்பாவுக்கு மூன்று வயதானபோதுதான் நாங்கள் புகார் கொடுத்தோம். தாமத மனு போட்டோம், ஏற்றுக்கொண்டார்கள். 20 மாதம் வரைக்கும் "சில பிள்ளைகள் லேட்டாகத்தான் நடக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களும் அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள்தானே! பாதிப்பு வெளியே தெரியாமல் இருந்தால், தெரிய வந்த நாளிலிருந்துதான் கணக்கு என்று 2010-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

கோர்ட் ஃபீஸ் கட்ட வசதி இல்லாதவர்கள் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 33-வது கட்டளைப்படி கட்டாமலே வழக்குப் போட அனுமதி கேட்கலாம். 22 வருடத்தில் இது கண்ணில் படவில்லையா?

கோர்ட் வாசல்:
2010 தீர்ப்பு வயிற்றில் துணி வைத்துத் தைத்த கேஸ். அதில் புகார் கொடுத்த பெண் தோற்றுப்போனார், அது தெரியுமா? ஒன்பது வருடம் சும்மா இருந்தார் என்று புகாரையே தள்ளினார்கள். பாதித் தீர்ப்பைப் படித்துவிட்டு ஊருக்குப் பாடம் எடுக்காதீர்கள். உங்கள் தாமத மனு ஏற்கப்பட்டது உங்கள் அதிர்ஷ்டம். அது சட்டம் ஆகாது. சட்டம் இரண்டு வருடம்.

பிரசவ வார்டு:
நான் மகப்பேறு மருத்துவர். நீங்கள் இருவரும் வருடத்தை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அது டாக்டரின் தவறுதான் என்று எப்போது முடிவு செய்தீர்கள்? குறைமாதம், கர்ப்பத்தில் வந்த தொற்று, கடுமையான மஞ்சள் காமாலை, மரபணுக் கோளாறு என்று செரிப்ரல் பால்சிக்குப் பல காரணங்கள். பிறந்ததும் அழாத எல்லாக் குழந்தைக்கும் இது வருவதில்லை, வந்த எல்லாக் குழந்தையும் பிரசவத்தில் பாதிக்கப்பட்டதும் இல்லை. இன்னொரு மகப்பேறு மருத்துவர் கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுத்தில் கருத்துச் சொல்லாமல் வழக்கு நிற்காது. நைட் ட்யூட்டியில் ஒரு நர்ஸ் மூன்று தாய்மாரைப் பார்க்கும் நிலைமை உங்களுக்குத் தெரியுமா?

பாப்பா அப்பா:
தெரியும் மேடம். அன்று ராத்திரி அந்த வராந்தாவில் நின்றவன் நான். என் மனைவி வலியில் கூப்பிட்டபோது அந்த நர்ஸ் பொண்ணு ஓடிய ஓட்டத்தையும் பார்த்தேன். அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் கிடையாது.

கேஸ் ஷீட் பற்றி நீங்களே பேசியதால் சொல்கிறேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு ரெக்கார்ட் ரூம். இரண்டு பிரதியில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து ஒன்றில் சீல் வாங்கினேன். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ம் வருட மெடிக்கல் கவுன்சில் விதி. எனக்குக் கிடைக்கப் பதினோரு நாள் ஆனது. மொத்தம் 41 பக்கம். குழந்தையின் இதயத் துடிப்பு இரவு 11.30 வரை அரைமணிக்கு ஒருமுறை நீல மையில் எழுதியிருக்கிறது. அடுத்த வரி 1.45, கறுப்பு மை. நடுவில் எதுவும் இல்லை. சி.டி.ஜி. காகிதம் (வயிற்றில் குழந்தையின் இதயத் துடிப்பை மெஷின் வரைந்து தருவது) இருக்க வேண்டிய பக்கத்தில் ஸ்டேப்ளர் அடித்த இரண்டு ஓட்டைதான் இருந்தது. பாப்பா பிறந்தது 2.10-க்கு. ஆப்கார், அதாவது பிறந்த குழந்தையின் நிலைக்குப் பத்துக்குப் போடும் மதிப்பெண், முதல் நிமிடம் 2, ஐந்தாவது நிமிடம் 4. அந்த இரண்டே கால் மணி நேரம் என்ன நடந்தது என்பது மட்டும்தான் என் கேள்வி.

பிரசவ வார்டு:
எழுதவில்லை என்றால் பார்க்கவில்லை என்று அர்த்தம் ஆகாது. அவசரத்தில் எழுத விட்டுப்போகும். எம்.ஆர்.ஐ.யில் எந்தப் பகுதி பாதித்திருக்கிறது, தொப்புள்கொடி ரத்தத்தின் அமிலத்தன்மை எவ்வளவு, இவையெல்லாம் சேர்ந்துதான் பதில் சொல்லும். மையின் நிறம் சொல்லாது.

பாப்பா அப்பா:
எழுத வேண்டியது ஆஸ்பத்திரி. எழுதாததற்குப் பதில் சொல்ல வேண்டியது நானா?

நெல்லைத் தம்பி:
அண்ணாச்சி, எதுக்கு இவ்வளவு சண்டை? மதுரையில் ஒரு வக்கீல் கையிலிருந்து பைசா வாங்காமல் நடத்துவாராம். ஜெயித்தால் 30 பர்சன்ட் அவருக்கு. அமெரிக்காவில் எல்லாம் அப்படித்தானே. நம்பர் வேண்டுமென்றால் தனிச்செய்தியில் கேளுங்கள்.

கோர்ட் வாசல்:
தம்பி, அந்த நம்பரை யாருக்கும் கொடுக்காதே. வருகிற தொகையில் பங்கு கேட்பது பார் கவுன்சில் விதிப்படி இங்கே தடை. கேட்பவரே முதல் விதியை மீறியவர்.

பாப்பா அப்பா:
இதில் கோர்ட் வாசல் சொல்வது சரி. ஆனால் காசில்லாதவர்கள் எங்கே போவார்கள் என்று அவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ம் வருடச் சட்டம் பிரிவு 12-ன்படி பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல். போன் 15100. அந்த அம்மா பெண், பையன் குழந்தை, மாற்றுத்திறனாளியும்கூட. மூன்று வழியிலும் தகுதி இருக்கிறது.

சேலத்துச் செல்வி:
இவர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். போன வருடம் யுடிஐடி அட்டைக்கு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) முகாமில் எந்தப் பேப்பரும் கேட்க மாட்டார்கள், குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு போங்கள் என்று எழுதினார். இரண்டு பஸ் மாறி, வெயிலில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். பழைய ரிப்போர்ட் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இன்று வரை ஒரு ஸாரி கிடையாது. இலவச வக்கீலும் அப்படித்தான். எனக்குக் கொடுத்தவர் மூன்று வாய்தாவுக்கு வரவே இல்லை.

பாப்பா அப்பா:
செல்வி அக்கா, ரிப்போர்ட் எடுத்துப் போகச் சொல்லித்தான் எழுதினேன். அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். வக்கீல் வரவில்லை என்றால் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம். கேட்டீர்களா?

சேலத்துச் செல்வி:
பிள்ளைக்கு ஃபிட்ஸ் வரும்போது மருந்து கொடுப்பேனா, உங்கள் செயலாளரைத் தேடிப் போவேனா? பதிவைப் பிறகு திருத்தியிருப்பீர்கள்.

கோர்ட் வாசல்:
அந்த அம்மாவுக்குப் பிரசவம் அரசு ஆஸ்பத்திரியில் என்றால் இன்னும் மோசம். எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கும் இடம் நுகர்வோர் சட்டத்தில் வராது. 1995-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த சாந்தா தீர்ப்பு.

பாப்பா அப்பா:
அப்படியா? எழும்பூர் அரசுத் தாய் சேய் மருத்துவமனையில் 1996-ல் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யாமல் அனுப்பினார்கள், பார்வை போனது. தேசிய நுகர்வோர் ஆணையம் வெறும் 5 லட்சம் கொடுத்தது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம், எதிர்கால விலைவாசி ஏற்றத்தையும் கணக்கில் வைத்து, ஏறக்குறைய 1 கோடியே 38 லட்சமும், அதுவரை செலவழித்ததற்காக 42 லட்சத்துக்கு மேலும் கொடுக்கச் சொன்னது. எதிர்த்தரப்பு தமிழ்நாடு அரசு. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பிரசவ வார்டு:
அது பிரசவக் காயமே இல்லை. பிறந்த பிறகு நடந்த கவனக்குறைவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள்.

கோர்ட் வாசல்:
1996-ல் பிறந்த குழந்தைக்கு 2015-ல் தீர்ப்பு. 19 வருடம். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

பாப்பா அப்பா:
எழுதிவிட்டேன், ஆண்டு இரண்டும் மேலேயே இருக்கிறது. 19 வருடம் ஆகும் என்பதற்காக அந்த அப்பா வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு யார் செலவு செய்திருப்பார்கள்? என் பாப்பாவுக்கு இப்போது ஒன்பது வயது. சாப்பாடு மிக்ஸியில் அடித்துத்தான் கொடுக்கிறோம். எங்களுக்குப் பிறகு அந்த மிக்ஸியை யார் போடுவார்கள் என்று யோசித்துத்தான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போகிறேன்.

மூன்றாம்பிறை:
அண்ணா, நேற்று கேட்டது நான்தான். பையனுக்கு நாலு வயது இரண்டு மாதம். தனியார் ஆஸ்பத்திரி, ஆபரேஷனுக்குக் காசு கட்டித்தான் பார்த்தோம். இன்று காலை கேஸ் ஷீட் கேட்டுப் போனேன். மூன்று வருடம்தான் வைப்போம், அழித்துவிட்டோம் என்றார்கள். என்னிடம் டிஸ்சார்ஜ் சம்மரியும், பச்சிளங்குழந்தை ஐ.சி.யு.வுக்காக வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய சீட்டும் இருக்கிறது. இது போதுமா?

கோர்ட் வாசல்:
மூன்று வருடம் வைத்தால் போதும் என்பது விதி. இதைத்தான் நேற்றே சொன்னேன். 18 வயது வரை நேரம் இருக்கிறது என்று நம்பிக் காத்திருந்தால் கையில் பேப்பர் இருக்காது.

பாப்பா அப்பா:
காத்திருக்க நான் எங்கே சொன்னேன்? இன்றைக்கே போடலாம் என்றுதான் முதல் பதிவில் இருக்கிறது.

தங்கச்சி, அழித்துவிட்டோம் என்பதை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி ரசீதை வையுங்கள். அந்த அனுப்புச் சீட்டில் எத்தனை மணிக்கு, எந்த நிலைமையில் அனுப்பினார்கள் என்று இருக்கும். ஐ.சி.யு. ஆஸ்பத்திரியில் தனி ஃபைல் இருக்கும், அங்கேயும் இன்றே விண்ணப்பம் கொடுங்கள். சீட்டை முதலில் ஜெராக்ஸ் எடுங்கள், அந்த மை சீக்கிரம் மங்கிவிடும். 1998-ல் ஸ்பிரிங் மெடோஸ் ஆஸ்பத்திரி வழக்கில் குழந்தையும் நுகர்வோர், பெற்றோரும் நுகர்வோர் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே தாமத மனுவோடு கொடுக்கலாம்.

மூன்றாம்பிறை:
சரிங்கண்ணா. சீட்டில் 4.20 என்று எழுதியிருக்கிறது. பிறந்தது 1.05-க்கு.

பிரசவ வார்டு:
மூன்றே கால் மணி நேரமா? குளிரூட்டும் சிகிச்சை (மூளையைக் காக்கக் குழந்தையின் உடல் சூட்டைக் குறைப்பது) தேவைப்பட்டால் ஆறு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். குழந்தை எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று அந்த ஃபைலில் பாருங்கள். இதை வைத்து யாரையும் குற்றம் சொல்லவில்லை, பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கோர்ட் வாசல்:
பார்க்கட்டும், ஜெராக்ஸும் எடுக்கட்டும். நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து முதலில் கேட்கப்போவது பிரிவு 69. இரண்டு வருடம்.

பாப்பா அப்பா:
கேட்கட்டும். உட்பிரிவு இரண்டு.